இரும்பணிந்த மங்கையர்

ஐரோப்பாவின் இடைக்காலம் என்றவுடன் குதிரைமீது அமர்ந்த வீரனும், மாடத்தில் நின்று அவனை நோக்கும் மங்கையுமே நம் நினைவுக்கு வருவர். திரைப்படங்கள் செய்த வேலை அது. பழஞ்சுவடிகள் வேறு காட்சிகளையும் காட்டுகின்றன. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரப் படைக்கலக் காட்சியகத்துக்குரிய சுவடி ஒன்று, ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாட்பயிற்சி நூல்களுள் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நாட்டில் எழுதப்பட்ட அதன் இறுதிப் படங்களில், வாளும் சிறு கேடயமும் ஏந்தி நிற்பவள் வால்புர்கிஸ் என்னும் பெண்!

ஹான்ஸ் தால்ஹோபர் என்னும் ஆசானின் 1467ஆம் ஆண்டுச் சுவடியில் இன்னொரு காட்சி. ஆணும் பெண்ணும் வழக்குத் தீரப் பொருதுகின்றனர். ஆண் இடுப்பளவுக் குழியில் தடியுடன் நிற்கிறான். பெண் மேலே நின்று துணியில் முடிந்த கல்லைச் சுழற்றுகிறாள். வலிமையைச் சமன் செய்ய அக்காலத்தார் கண்ட வழி அந்தக் குழி.

அந்தக் குழி இன்றும் வேண்டுமா? கவசப் போரை விளையாட்டாகப் பயிலும் பெண்களிடையே உள்ள வழக்கு இதுதான்.

1966 மே முதல் நாள் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற டயானா பாக்ஸன் தம் வீட்டுப் புறக்கடையில் நண்பர்களைக் கூட்டி இடைக்கால விழா ஒன்று நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததே ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்னும் அமைப்பு. இங்கே கவசம் மெய்யானது. வாள் மட்டும் பிரம்பு. (நம் பள்ளி ஆசிரியர்கள் கையாண்ட அதே இனம், ஆனால் ஒன்றேகால் அங்குலக் கனம்!) மரம்போல் பிரம்பு சட்டென்று முறிந்து கூராகச் சிதறாது. காலில் அடிபட்டவர் மண்டியிட்டுப் போரிட வேண்டும்; தலையிலோ உடலிலோ நல்ல அடி விழுந்தால் ‘மாண்டவர்’. அடி போதுமானதா என்று நடுவர் சொல்வதில்லை. பட்டவரே சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதியின்கீழ் மோதுகின்றனர்.

இவ்விதியில்தான் பெண்ணின் இடர்ப்பாடு தொடங்குகிறது. எதிரே பெண் என்று தெரிந்ததும் சிலர் கையைத் தளர்த்தி அடிக்கின்றனர். வேறு சிலரோ அவள் அடித்த அடியை ‘இலேசானது’ என்று தள்ளிவிடுகின்றனர். முன்னது இரக்கம், பின்னது செருக்கு. இரண்டும் அவளுக்கு இழிவே. ‘முழு வலிமையோடு அடியுங்கள், நான் அடித்தால் ஒப்புக்கொள்ளுங்கள்’ என்பதே இப்பெண்களுள் பலருடைய கோட்பாட்டின் சாரம். தோளின் வலிமையைவிட இடுப்பின் சுழற்சியால் வாளுக்கு விசை ஊட்டக் கற்பதும், எட்டும் தூரத்தை அளந்து நிற்பதும் அக்கோட்பாட்டின் செயல்முறை. தலைக்கவசத்துக்குள் ஆணுமில்லை, பெண்ணுமில்லை என்பார் உண்டு. ‘நான் பெண்ணாகவே போரிடுகிறேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?’ என்பாரும் உண்டு.

மழுக்கிய இரும்பு வாளும் கோடரியும் கொண்டு மோதும் இன்னொரு பிரிவும் இருக்கிறது. 2010இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் நடந்த ‘பேட்டில் ஆஃப் தி நேஷன்ஸ்’ போட்டியால் அது பெயர் பெற்றது. கீழே தள்ளப்பட்டவர் ஆட்டத்தை இழப்பதால், அங்கே உடல் எடை பெரும்பங்கு வகிக்கிறது. எனவே பெண்களுக்குத் தனிப்பிரிவு வகுத்துள்ளனர். இதுவும் குழிதானே என்று பிரம்பு வாளேந்திய பெண் கேட்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. குழியில் ஒருவர் தாழ்த்தப்படுகிறார்; தனிப்பிரிவில் எவரும் தாழ்த்தப்படுவதில்லை. ஆயினும், பெண்கள் தொகை குறைந்த ஊரில் தனிப்பிரிவு என்பது போட்டியே இல்லை என்றாகிவிடும் என்ற வாதத்துக்கு என்னிடம் விடையில்லை.

கவசம் செய்வதிலும் ஒரு செய்தி உண்டு. திரைப்பட நாயகியர் அணியும், மார்பின் வடிவை எடுத்துக்காட்டும் கவசத்தை இவர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. நடுவிலுள்ள பள்ளம், விழும் அடியை நெஞ்செலும்பை நோக்கித் திருப்பிவிடும். ஆண்கள் அணிவதுபோல் ஒரே குவிந்த தகடாக, ஆனால் தம் தோளுக்கும் இடைக்கும் அளவெடுத்துத் தட்டித் தரும் கொல்லரைத்தான் இவர்கள் தேடுகின்றனர்.