நாவரசு வழக்கு: ஒரே கொலை... மூன்று தீர்ப்புகள்!

1996 நவம்பர். அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி விடுதியிலிருந்து முதலாமாண்டு மாணவர் நாவரசு காணாமல்போனார். ராகிங்கில் கொன்று, உடலைத் துண்டுகளாக்கி வீசியிருந்தார் சீனியர் மாணவர் ஒருவர். தமிழகமே கொதித்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

1998-ல் கடலூர் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆயுள் தண்டனை அளித்தது.

'இவ்வளவு கொடூரத்துக்குத் தூக்கு வேண்டாமா?' எனக் கோபம் வருவது இயல்பு. ஆனால், 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கே மரண தண்டனை என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. காரணம், இந்த வழக்கிலேயே இருக்கிறது. ஒரே ஆதாரங்களைப் பார்த்த நீதிமன்றங்களே மாறி மாறித் தீர்ப்பளித்தன. சிறைக் கதவைத் திறக்கலாம், மறுபடி பூட்டலாம். தூக்கிலிட்ட பிறகு எந்தத் தீர்ப்பையும் திருத்த முடியாது.

மகனைப் பறிகொடுத்த குடும்பமோ, இறுதித் தீர்ப்புக்காக 14 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அந்தத் தாமதமும் ஒரு தண்டனைதானே!