மீன் காட்டும் கருவியைப் படகில் எங்கே பூட்டுவது?

பலாபத்வலயில் கடல் இல்லை. ஆனால் திருகோணமலையிலிருந்து தம்புள்ள வழியாகக் கண்டிக்குப் போகும் வீதி எமது ஊரைத் தாண்டித்தான் செல்கிறது. மலைநாட்டு வியாபாரிகள் சிலர் மீன் வாங்குவதோடு நில்லாமல் படகிலும் பங்கு போடுகிறார்கள். மின் உபகரண வியாபாரி என்பதால் அவர்கள் என்னிடம் கேட்பது, 'எந்தக் கருவி நல்லது?' என்றுதான். அதைவிட, 'எங்கே பூட்டுவது?' என்பதே முக்கியமான கேள்வி.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. பின்னர் குறைந்தாலும் பழைய விலை திரும்பவில்லை. மீனைத் தேடி வீணாக ஓடும் ஒவ்வொரு மைலும் பங்காளிகளின் பணம். எனவே சோனார் கருவி வாங்குவது நியாயமான முதலீடே.

கருவியின் உயிர் திரையில் இல்லை. நீரில் இருக்கும் உணரியில் இருக்கிறது. அது ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் செல்லும். 30 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர ஒரு செக்கனில் 25இல் ஒரு பங்கு போதும். ஆனால் இடையில் காற்றுக்குமிழி வந்தால் ஒலி அங்கேயே தடைப்பட்டுவிடும். படகு நிற்கும்போது தெளிவாகக் காட்டி, ஓடும்போது திரை வெறுமையானால், பெரும்பாலும் பழுது கருவியில் அல்ல, பூட்டிய இடத்தில்தான்.

வெளியே இயந்திரம் பூட்டும் சிறிய பைபர் படகுகளில் உணரியைப் பின்பலகையில் பூட்டலாம். விசிறியிலிருந்து குறைந்தது 38 சென்ரிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும். முன்னோக்கி ஓடும்போது விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுமானால் வலப்பக்கமே நல்லது. அங்கே இதழ்கள் கீழ்நோக்கி இறங்குவதால் நுரை குறைவு. அடிப்பாகத்தில் உள்ள வரம்புகளுக்கும் நீர்த் துளைகளுக்கும் நேர் பின்னால் வைக்கவே கூடாது.

ஆனால் கரையில் இழுத்து ஏற்றும் படகில் பின்பலகை உணரி மணலில் அடிபட்டு உடையும். அதற்கு உட்புற அடித்தளமே பாதுகாப்பு. அந்த இடம் முழுவதும் திண்ணிய பைபராக இருக்க வேண்டும். நடுவில் மரமோ நுரைப்பஞ்சோ இருந்தால் ஒலி ஊடுருவாது. ஒட்டுமுன் ஒரு சோதனை: படகு மிதக்கும்போது உணரியை வெளியே நீரில் தொங்கவிட்டு ஆழத்தைப் பாருங்கள். பிறகு, காற்றில்லாமல் நீர் நிரப்பிய பொலித்தீன் பையை உள்ளே அடித்தளத்தில் வைத்து, அதன்மேல் உணரியை அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் அந்த இடம் சரி. எபொக்சி பசையில் குமிழி இருக்கக்கூடாது. உள்ளே வைத்தால் ஒலியின் வலு சற்றுக் குறையும். கரையோரத் தொழிலுக்கு அது பெரிய குறையல்ல.

நெடுநாள் படகுக்கு அடியில் துளையிட்டுப் பூட்டுவதே சிறந்தது. விசிறிக்கு நன்றாக முன்னால், எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில், ஏராவின் மறைப்பு இல்லாமல் அமைய வேண்டும். இதைப் படகைக் கரையேற்றி, படகு கட்டுவோரிடமே ஒப்படையுங்கள். துளையில் கசிவு வந்தால் போவது கருவி மட்டுமல்ல.

உணரியின் வயரை பற்றரி, வானொலி வயர்களோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

பங்கு போடும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: பூட்டும் கூலியை முழுவதும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். படகு வழமையான வேகத்தில் ஓடும்போது திரையில் கடலடி தெளிவாகத் தெரிந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.