எச்.ஐ.வி சிகிச்சை: மாத்திரை வாங்க வராதவர் எங்கே போனார்? கணக்கெடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

எச்.ஐ.வி-க்கு இன்று நல்ல மருந்து இருக்கு. தினமும் தவறாமல் மாத்திரை போட்டால், ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஒரே நிபந்தனை, ஆயுள் முழுக்க மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி தலைதூக்கும்.

அதனால ஒரு நாட்டின் எச்.ஐ.வி திட்டம் எப்படிப் போகுதுன்னு பார்க்க, எத்தனை பேருக்கு மருந்து ஆரம்பிச்சோம் என்ற எண் போதாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து எத்தனை பேர் சிகிச்சையில் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆப்பிரிக்காவின் 13 நாடுகளில் நடந்த திட்டங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2007-ம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் நின்றவர்கள் சுமார் 60% பேர்தான் என்று தெரியவந்தது. மீதி 40% பேர் என்ன ஆனார்கள்?

'விடுபட்டவர்' என்றால் யார்?

மருந்து தீரும் தேதியை வைத்து அடுத்த முறை எப்போது வரணும்னு மையத்தில் எழுதித் தருவார்கள். அந்தத் தேதி தாண்டி 28 நாட்கள் ஆகியும் வரலைன்னா, அவர் தொடர்பில் இருந்து விடுபட்டவர். இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அமெரிக்க நிதியில் பல நாடுகளில் நடக்கும் பெப்ஃபார் திட்டம் முன்பு 90 நாட்கள் வரை காத்திருந்தது, பிறகு 28 நாளுக்கு மாறியது. இதில் ஒரு வேடிக்கை. 40 நாள் தாமதமாக வந்த ஒருவர் பழைய கணக்கில் 'தொடர்கிறார்', புதிய கணக்கில் 'விடுபட்டார்'. மாறியது அவர் இல்லை, விதிதான். அதனால ரெண்டு நாட்டு சதவீதத்தை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

உகாண்டாவில் தேடிப் போனார்கள்

பதிவேட்டில் 'விடுபட்டவர்' என்ற ஒரே வார்த்தைக்குள் இறந்தவர், மாத்திரையை நிறுத்தியவர், ஊர் மாறி வேறு மையத்தில் சேர்ந்தவர் என எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்க உகாண்டாவின் எம்பராராவில் ஒரு வழி செய்தார்கள். 2008-ல் வெளியான ஆய்வு அது. அங்கே 3,628 நோயாளிகளில் 829 பேர் விடுபட்டிருந்தனர். அத்தனை பேரையும் தேட ஆளும் இல்லை, பணமும் இல்லை. எனவே 128 பேரை மட்டும் மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக ஆள் அனுப்பி விசாரித்தார்கள்.

111 பேரின் நிலை தெரிந்தது. அதில் 32 பேர் இறந்திருந்தனர், 79 பேர் உயிருடன் இருந்தனர். நேரில் பேச முடிந்தவர்களில் பெரும்பாலானோர் வேறு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பழைய இடத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டால், பஸ்ஸுக்குக் காசில்லை, வேலையை விட்டுட்டு வர முடியல, பிள்ளையைப் பார்த்துக்க ஆளில்லை என்பவைதான் முக்கியமான பதில்கள்.

அதாவது பதிவேடு இரண்டு பக்கமும் தப்பாகச் சொல்லியிருக்கிறது. இறப்பைக் குறைத்துக் காட்டியது, சிகிச்சையில் இருப்பவர்களையும் குறைத்துக் காட்டியது. சில பேரை மட்டும் தேடிப் பார்த்து, அந்தப் பதிலை வைத்து மொத்தக் கணக்கைத் திருத்தலாம் என்ற இந்த முறையை எங்கேயும் செய்யலாம். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை, ஆள் அனுப்பணும், அவ்வளவுதான். ஆனா போகிறவர் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் விசாரிக்கணும். எச்.ஐ.வி விஷயத்தில் அதுதான் பெரிய சவால்.

95% என்றால் எதில் 95?

ஐ.நா-வின் 95-95-95 இலக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொற்று உள்ளவர்களில் 95% பேருக்கு அது தெரிந்திருக்கணும், அவர்களில் 95% பேர் சிகிச்சையில் இருக்கணும், அவர்களில் 95% பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கணும். கடைசி எண்ணை மட்டும் கவனிங்க. ஒரு மையத்தில் 100 பேர் சிகிச்சை ஆரம்பிக்கிறாங்கன்னு வைங்க. 20 பேர் காணாமல் போய்விட்டார்கள். மிஞ்சிய 80 பேரில் 76 பேருக்கு வைரஸ் அடங்கிவிட்டது. 80-ல் 76 என்றால் 95%. இலக்கு எட்டியாச்சு! ஆனால் ஆரம்பித்த 100 பேரை வைத்துப் பார்த்தால் 76% தான். வராதவரிடம் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ண முடியாது என்பதால், அவர் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. எனவே அடுத்த முறை 95% என்ற செய்தி கண்ணில் பட்டால், கீழே வகுத்த எண் எது என்று கேளுங்கள்.

இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. முதலில் சேர்ந்த எட்டு மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்று வேலைக்காக ஊர் மாறுபவர்கள், சிகிச்சையை வேறு ஊர் மையத்துக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். சொல்லாமல் போனால் பழைய மையத்தில் 'விடுபட்டவர்', புது இடத்தில் 'புதியவர்' என ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்படுவார். அதைவிட முக்கியம், அவர் இதுவரை எந்த மாத்திரை சாப்பிட்டார் என்பது புது டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

இடையில் மாத்திரை நின்றுபோனவர்கள் தயங்காமல் மையத்துக்குத் திரும்பலாம், சிகிச்சையை மறுபடி தொடங்க முடியும். எச்.ஐ.வி குறித்த சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.