துப்பாக்கிகள் நாற்காலியான கதை

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992-இல் ஓய்ந்தது. ஆனால், லட்சக்கணக்கான துப்பாக்கிகள் மக்களிடமே தங்கிவிட்டன. அவற்றைத் திரும்பப் பெற, அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் 1995-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு மண்வெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம் போன்றவை வழங்கப்பட்டன.

பெறப்பட்ட துப்பாக்கிகள், இனி சுடவே முடியாதபடி துண்டு துண்டாக அறுக்கப்பட்டுக் கலைஞர்களிடம் கொடுக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் கெஸ்டர். போரினால் கால் இழந்த உறவினர்களைக் கொண்டவர். 2001-இல் அந்தப் பழைய இரும்பை வெல்டிங் செய்து அவர் உருவாக்கிய நாற்காலிதான் 'ஆயுதச் சிம்மாசனம்'. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதிலுள்ள துப்பாக்கிகளில் ஒன்றுகூட ஆப்பிரிக்காவில் தயாரானதல்ல. அனைத்தும் வெளிநாடுகளிலிருந்து வந்தவை. மாண்டவர்கள் மட்டும் உள்ளூர் மக்கள். அந்த நாற்காலி சொல்லும் செய்தியும் அதுவே.