பத்திரச் சொற்கள் அறிவோம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் இறுதியாகச் சொல்லப்படும் உறையுளே பலருடைய வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் விலையாகக் கேட்கிறது. ஆயினும் வீடு, மனை வாங்குங்கால் பத்திரத்தைப் படித்துப் பொருளுணர்ந்து கையொப்பமிடுவோர் சிலரே. அதில் வழங்கும் சொற்கள் அன்றாட வழக்கினின்றும் விலகி நிற்பதே இதற்குக் காரணம். அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் பாரசீகம் அலுவல் மொழியாக விளங்கிற்று. ஆதலின் நிலம் பற்றிய சொற்கள் பல அரபு, பாரசீக வேர் கொண்டவை. அசல், நகல், வாரிசு, பாக்கி, ஜப்தி ஆகியன அரபு மூலத்தன. வருவாய்க் கணக்கில் வரும் 'பசலி', பருவம் எனப் பொருள்படும் 'ஃபஸ்ல்' என்பதன் திரிபாகும். தமிழகத்தில் பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். பசலியுடன் 590ஐக் கூட்டின் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்பது 1990 ஜூலையில் தொடங்கிற்று.

இனி, பொருள் மயக்கத்தால் இழப்பு விளைவிக்கும் சொற்களுக்கு வருவோம். கிரய உடன்படிக்கை வேறு, கிரயப் பத்திரம் வேறு. முன்னது விற்பதாக அளிக்கும் வாக்குறுதி. பின்னதே உரிமையை மாற்றுவது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புடைய மனையின் விற்பனைக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு மட்டும் உரிமை மாறாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுறுத்தியது. பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். அஃதொன்றே உரிமையை முற்றாக நிறுவிவிடாது.

'வில்லங்கம் இல்லை' என்னும் சான்று கண்டு மகிழ்வோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அச்சான்று பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். முஸ்லிம் தனியார் சட்டத்தில் 'ஹிபா' எனும் கொடை, கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, சொத்தும் ஒப்படைக்கப்படின் வாய்மொழியாகவே செல்லும். அது பதிவேட்டில் இராது. எனவே மனையில் யார் குடியிருக்கிறார், வாரிசுகள் எத்துணைப் பேர் என நேரில் வினவியறிதல் இன்றியமையாதது.

'விடுதலைப் பத்திரம்' என்பது செவிக்கு இனிய பெயர். ஆனால் அதில் விடுதலை பெறுவது சொத்து. பங்கை இழப்பவர் கையொப்பமிடுபவர். தந்தை விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்குரிய பங்கைத் திருக்குர்ஆன் (4:11) வரையறுத்துள்ளது. ஆயினும் 'ஒரு கையெழுத்துத்தானே' என்று தமையர் நீட்டும் தாளில், பொருளறியாமலே ஒப்பமிடும் சகோதரியர் உளர். மனமுவந்து விட்டுக்கொடுத்தல் பெருந்தன்மை. அறியாது இழத்தல் அவ்வாறன்று. அறியாமையைப் பயன்படுத்திப் பெற்ற பங்கு நமக்கு ஆகுமானதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் இறைவசனம் (2:282), எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது என்றும் கூறுகிறது. இவ்வறிவுரை படிக்கத் தெரிந்த நமக்கும் பொருந்தும். தமிழ் கற்ற நாம், நம் இல்லத்துப் பெண்டிர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பத்திரத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் கூறுவோமாக. கற்ற மொழிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.