மண்ணே விறகாகும் இடம்

2013 ஜூன் 23 காலை, மலேசியாவில் ஜோகூர் மாநிலத்தின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவில் கிளம்பிய புகை அது. அங்கே காட்டோடு சேர்ந்து மண்ணும் எரிந்துகொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவின் சவன்னா புல்வெளிகளுக்குத் தீ பழகிய விருந்தாளி. காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டு வேகமாகக் கடந்துவிடும். புல்லின் குருத்து மண்ணையொட்டிப் பத்திரமாக இருக்கும். மரங்களைத் தடித்த பட்டை காக்கும். தீக்குப் பயந்து எழும்பும் வெட்டுக்கிளிகளைப் பருந்துகள் கொத்திச் செல்லும். பிறகு துளிர்க்கும் இளம்புல்லைத் தேடி மான்கூட்டம் வந்து சேரும்.

சுமத்ராவிலும் ஜோகூரிலும் உள்ள சதுப்புக்காட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மலாய்க்காரர்கள் ‘தானா கம்புட்’ என்று சொல்லும் மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்த இலையும் கிளையும் வேரும் நீரில் ஊறி, முழுதாக மக்காமல் சேர்ந்தது. நீர் நிற்கும்வரை அதில் தீப்பிடிப்பது அரிது. செம்பனை நட வடிகால் வெட்டினால் மண் உலர்ந்து விறகாகிவிடும். அதில் பற்றும் தீ சுடர்விடாமல் தரைக்கடியில் வாரக்கணக்கில் கனன்று வேரைத் தின்னும். பட்டை தடித்திருந்து என்ன பயன்? வேர் போன மரம் அப்படியே சாயும்.

ஆயர் ஹீத்தாம் என்ற ஜோகூர் ஊர்ப்பெயருக்குக் கறுப்பு நீர் என்று பொருள். இந்த மண்ணில் ஊறி, கடுந்தேநீர் நிறத்தில் புளிப்பேறிய அத்தகைய நீரில்தான் ‘பெட்டா பெர்செபோனே’ என்னும் கறுப்புச் சண்டைமீன் வாழ்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. 1986இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீனுக்கு ஜோகூரை விட்டால் வேறு தாயகம் இல்லை. பறவை பறந்து தப்பும். சதுப்பு வற்றி எரிந்தால் இது எங்கே போகும்?

எரிந்து உலர்ந்த நிலத்தில் பெரணிகளும் லாலாங் புல்லும் முந்திக்கொள்ளும். லாலாங், தோட்டத்துத் தமிழர்களின் பழைய பகையாளி. வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து மறுபடி தலைநீட்டும். வெயிலில் காய்ந்து அடுத்த தீக்கும் தானே இரையாகும். மரக்கன்று வளர்வதற்குள் இன்னொரு தீ. சில முறை இப்படி எரிந்தால் காட்டின் இடத்தில் பெரணியும் புல்லும்தான் மிஞ்சும். சவன்னாவின் மான்கூட்டம் மட்டும் வராது.

தரைக்கடியில் கனலும் தீயை அணைக்க மேலே தண்ணீர் பீய்ச்சினால் போதாது, அடிமண் ஊற வேண்டும். அதனால்தான் வறட்சிக்கு முன்பே வடிகால்களுக்குக் குறுக்கே தடுப்பு கட்டி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தப் பார்க்கிறார்கள். சண்டைமீனும் அந்தக் கறுத்த நீரை நம்பித்தான் இருக்கிறது.