சாலைக்காரனுக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை?

சென்ற வாரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு நாகர்கோவில் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் கால் கிலோ வற்றல் மிளகாய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் வழக்கம்போல் தாளைப் படித்தேன். அகப்பட்ட தாளையெல்லாம் படித்துப் பார்ப்பது ரயில்வே குமாஸ்தாக்களின் தொழில் வியாதி. அது ஏதோ ஒரு பட்டமளிப்பு விழாக் கையேட்டின் பக்கம். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்களின் பட்டியல். கல்வியியல், தமிழ், மலையாளம், விலங்கியல், ரசாயனம், மருத்துவம் என்று நீண்டுகொண்டே போயிற்று.

மறுநாள் அதை அண்ணாச்சியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்தன பேரும் ஆராய்ச்சி பண்ணி என்ன கண்டானுவ தம்பி? இந்தச் சாலையில மூட்டை சொமக்கவனுக்கு இதுல சல்லிக்காசு பிரயோசனம் உண்டா?"

நியாயமான கேள்விதான். நின்ற இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வார ஓய்வு நாளில் யோசித்துப் பார்த்தபோது, பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று தோன்றிற்று.

சாலை என்றொரு கல்லூரி

நாம் வியாபாரம் செய்யும் இந்தக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உண்டாக்கியது. ஆனால் பக்கத்திலுள்ள வலியசாலைக்குப் பேச்சு இன்னும் பழையது. அங்குள்ள கோயிலுக்குக் காந்தளூர்க் கோயில் என்று பெயர். காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்ததாக' ராஜராஜ சோழனின் கல்வெட்டுக்கள் கூறுகின்றன அல்லவா, அந்தக் காந்தளூர் இதுவே என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. வேறிடம் சொல்வோரும் உண்டு.

அந்தச் சாலை எது? ரோடு அல்ல, படிப்புச் சாலை. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில், காந்தளூரை முன்மாதிரியாக வைத்து 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான் என்று செப்பேடு சொல்கிறது. சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் தர்மம். இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருந்தால்தான் இடம். மூன்று ராஜ்யங்களின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டுமாம். சண்டை போட்டால் அபராதம்! (ஹாஸ்டல் விதிமுறைகள் அன்றும் இன்றும் ஒன்றுதான் போலும்.) படித்தவர்கள் வைதிகப் பிராமணர்கள் மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம்மைப் போன்றவர்கள் அங்கே விறகு பிளந்திருக்கலாம்.

'கலம்' என்றால் என்ன? கப்பலா, சாப்பிடும் வட்டிலா? ராஜராஜன் கடற்படையை அழித்தானா, இல்லை சாலையில் சோற்றுக் கணக்கைத் திருத்தினானா? இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதாடியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் பணியாற்றிய தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலை பற்றித் தனி நூலே எழுதினார். குழந்தைப் பாட்டுக் கவிஞராக மட்டுமே நாம் அறிந்த அவர், கல்வெட்டு படிப்பதற்காக ஊர் ஊராக அலைந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. தமிழ்நாட்டில் இன்று பள்ளிக்கூடம்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்து எடுத்தது. 1970-இல் தமிழக அரசு அதை அரசு விழாக்களுக்கு உரியதாக்கியது. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். இதே திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். பாளையத்தில் இப்போது யூனிவர்சிட்டி காலேஜ் என்கிறோமே, அதுதான். தத்துவம் போதித்தவர், சம்பந்தரின் காலத்தை ஆராய்ந்தார். கோயில் சுவர்களில் கல்வெட்டுப் படித்து வேணாட்டு மன்னர்களை வரிசைப்படுத்தினார். நடுவில் வருவாய்த் துறையில் உத்தியோகமும் பார்த்திருக்கிறார். 1897-இல் மறைந்தபோது வயது 42. நம்முடைய 42 வயதில் ஒரு டிபார்ட்மெண்ட் பரீட்சை பாஸ் செய்தாலே பெரிய காரியம்.

பரணிலிருந்த ஏடு

நெல்லைச் சீமைத் தருவையில் பிறந்து இவ்வூர் வந்த மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியின் கதையும் இதைப் போன்றதே. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் கிடைத்த ஓர் ஓலைக்கட்டில், பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த பாசகவியின் நாடகங்களை அவர் அடையாளம் கண்டு 1912 முதல் அச்சேற்றினார். அவை பாசன் எழுதியவைதானா என்று இன்றும் வழக்கு ஓயவில்லை. அது கிடக்கட்டும். அந்த ஏட்டை யாராவது வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தால்? அப்படி எரிந்துபோனவை எத்தனையோ! தப்பிப் பிழைத்த ஏடுகள் பல பதினாயிரம் இன்று காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்ச் சுவடிகளும் உண்டு.

நெஞ்சுக்குள் ஒரு கதவு

"ஏடும் கல்வெட்டும் சோறு போடுமா?" என்பார் அண்ணாச்சி. சோறு போடுவது ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. 1963-இல் அங்கே தொடங்கிய மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மரச்சீனி ரகங்கள்தாம் சேலம் பக்கத்துத் தோட்டங்களில் பெருவாரியாக விளைகின்றன. அது சேகோ ஆலையில் ஜவ்வரிசியாகி மறுபடி சாலைக்கே மூட்டையாக வந்து சேருகிறது. சுமப்பவருக்கு அது 50 கிலோ, அவ்வளவுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், பூஜப்புரையில் நடந்ததுதான் பெரிய விஷயம். நெருக்கமான லைன் வீடுகளில் வளரும் ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வரும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் சிலருக்கு அது வாதக் காய்ச்சலாகி, முட்டி வீங்கி, கடைசியில் இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிடும். வால்வு என்பது ரத்தம் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கதவு. கெட்டால் மாற்றுக் கதவு வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது வெளிநாட்டுச் சரக்கு. கூலிக்காரன் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விலை.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான், டாக்டர்களையும் இன்ஜினியர்களையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்து, இங்கேயே வால்வு செய்ய முனைந்தார். கூரை சாதாரணக் கூரை அல்ல. ராஜகுடும்பம் கொடுத்த சாட்டல்மாண்ட் அரண்மனை. இருதயம் நிமிஷத்துக்கு 72 தடவை துடித்தால் ஒரு நாளைக்கு 1,03,680. வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சத்துக்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அத்தனை தடவையும் அந்தக் கதவு திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, ரத்தம் உறையக்கூடாது. மூன்று மாதிரிகள் தோற்றன. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தபின் நான்காவது தேறிற்று. ஆடுகளுக்கு வைத்துச் சோதித்தபின் 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். சென்னை டி.டி.கே. கம்பெனி அதை உற்பத்தி செய்து விற்க, வெளிநாட்டு வால்வைவிட மலிவாகக் கிடைத்தது. வலியத்தான் 2024-இல் காலமானார். தோற்ற மூன்று மாதிரிகளுக்கும் சம்பளம் கொடுத்துக் காத்திருந்தவர்களையும் பாராட்ட வேண்டும். நம் கடைத்தெருவில் முதல் தடவை நஷ்டப்பட்டவனுக்கு இரண்டாம் தடவை யார் சரக்குக் கொடுக்கிறார்கள்?

நம் கணக்கு எங்கே?

2013-இல் இவ்வூர் குலாட்டி நிறுவனத்தார் கேரளத்துக்கு வேலை தேடி வருகிறவர்களைக் கணக்கெடுத்தார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட வழி நெடுந்தூர ரயில்களில் ஏறி விசாரித்ததுதான். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை. 25 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். வங்காளம், பீகார், அஸ்ஸாம், உத்தரப் பிரதேசம், ஒடிசா ஆகிய ஐந்து மாநிலத்தார் முக்கால் பங்கு.

நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் நாகர்கோவில் பாசஞ்சரில் விடியற்காலை வந்து ராத்திரி திரும்புகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தாத்தா காலத்தில் மாட்டு வண்டியில் வந்து, இங்கேயே ரேஷன் கார்டு வாங்கி, வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிறவனை? அவன் வந்தவனா, இருந்தவனா? அவன் வீட்டுப் பிள்ளை எந்த மொழியில் முதலில் எழுதப் பழகுகிறது? இதைக் கேட்க வேண்டியது சாலையில் பிறந்து காரியவட்டம் பஸ் ஏறும் நம் பிள்ளைகள்தாம். சம்பந்தரின் காலத்தைக் கண்டவர் கோயில் சுவரைப் படித்தார். இவர்கள் நம் கல்லாப் பெட்டியைப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், கடைசி வார்த்தையில் நிமிர்ந்தார்.

"அப்பா எழுதின கணக்குப் புஸ்தகம் மேல மச்சில கெடக்கு. மழையில நனைஞ்சு போச்சுண்ணு பழைய பேப்பர்க்காரன வரச் சொல்லியிருக்கேன். அதுல என்னடே இருக்கப் போவுது?"

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஏழு கட்டுகள். நான்கு கரையானுக்குப் போய்விட்டன. மூன்றில் எழுத்துத் தெரிகிறது: மிளகாய் விலை, வண்டி வாடகை, சுமைகூலி, யார் யாருக்குக் கடன் என்றெல்லாம் திருவிதாங்கூர்ச் சக்கரத்திலும் காசிலும், தமிழ் இலக்கத்தில். அவற்றை வாங்கி வந்து வீட்டில் உலர்த்தி வைத்திருக்கிறேன். 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம் என்பது வரை எனக்குத் தெரியும். இலக்கம்தான் பாதி புரியவில்லை. பழைய மண்டிக் கணக்கு வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் சாலையில் யாரேனும் இருந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அண்ணாச்சி கடையில் இருப்பேன்.